12,41,701 மூடிகள்

எண்ணைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. ரயில் டிக்கெட்டில் இருப்பது, முன்னால் போகிற லாரியின் பின்பக்கம் எழுதியிருப்பது, காஸ் புத்தகத்தில் அச்சடித்திருப்பது என்று எதுவானாலும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். மூன்றால் வகுபடுமா, ஏழால் வகுபடுமா, எதனாலும் வகுபடாத பகா எண்ணா என்று தெரிந்தால்தான் மனசு அடங்கும். இது படிப்பினால் வந்த கெட்டிக்காரத்தனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பி.எஸ்சி. கணிதத்தில் இரண்டு அரியர் வைத்து, கல்யாணத்துக்குப் பிறகு எழுதித் தேறியவள் நான். சிலர் நகம் கடிப்பார்கள், நான் எண்களைப் பிரிப்பேன். என் கணவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் அரிப்பு.

அரிப்பைத் தீர்த்துக்கொள்ள எனக்கு நேரம் நிறையவே உண்டு. வீடு திருநின்றவூரில், வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். வீடு வாங்கும்போது இரண்டும் ஒரே மாவட்டம்தானே என்று சந்தோஷப்பட்டோம். மாவட்டம் ஒன்றாக இருந்து என்ன செய்வது? ரயில் பாதை வேறு வேறு. காலையில் ஒரு ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வந்து, இறங்கி, இன்னொரு ரயில் பிடித்து வடக்கே போக வேண்டும். சாயங்காலம் அதையே திருப்பிப் போட்டுச் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு நாலு ரயில்.

எங்கள் கம்பெனியில் எண்ணெய் பாட்டிலுக்கான பிளாஸ்டிக் மூடி செய்கிறார்கள். மிஷினுக்குள் ஒரு பெரிய இரும்பு அச்சு இருக்கும். அதில் வரிசைக்கு ஆறாக நாலு வரிசை, மொத்தம் இருபத்து நாலு குழிகள். அச்சை மோல்டு என்றும் குழியைக் கேவிட்டி என்றும் சொல்வார்கள். உருகிய பிளாஸ்டிக் ஒரே அழுத்தில் எல்லாக் குழிகளுக்கும் போய் இறுகி, அச்சு திறந்ததும் மூடிகளாகக் கொட்டும். இந்த ஒரு அழுத்துக்குப் பெயர் ஷாட். பன்னிரண்டு விநாடிக்கு ஒரு ஷாட். ஒரு ஷிப்டில் சாப்பாட்டு நேரம் போக ஏழரை மணி நேரம் ஓடினால் 2,250 ஷாட். நான் ஆபீசில் உட்கார்ந்து இந்தக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள். மிஷினைத் தொட்டது கிடையாது.

அந்த வருடம் ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒருவரை நிரந்தரமாக்குவதாக இருந்தது. மானேஜர் மனதில் இருந்தது மூன்றாம் நம்பர் மிஷினில் நிற்கும் பெண். முப்பத்திரண்டு வயதிருக்கும். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் மெயின் ரோடுக்கு வந்து, அங்கிருந்து கம்பெனி வேன் ஏறி, ஆறு மணி ஷிப்டுக்கு வந்துவிடுவாள். அவளுடைய அப்பா அம்மா இருவரும் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போனவர்கள். நாலு வருடமாக அவள் ஒப்பந்தத்தில் இருந்தாள். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் தினமும் காலையில் கேட்டில் நின்று அன்றைய சீட்டு வாங்க வேண்டும். ஆள் போதும் என்று சொல்லிவிட்டால், வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். அவளுக்கு அப்படி மாதத்தில் ஒன்றிரண்டு முறை நடந்ததுண்டு. கணவர் இல்லாமல் ஒரு பெண் குழந்தையை வளர்ப்பவளுக்கு, நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது ஒவ்வொரு நாளும் கேட் திறந்த பிறகுதான் தெரியும்.

மானேஜர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தை மாதம் முழுக்க அவள் ஓட்டும் மிஷினின் உற்பத்தி, இலக்கில் குறைந்தது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வர வேண்டும். அந்த மிஷின் ஒரே ஷிப்ட்தான் ஓடியது. ஓட்டியது அவள் மட்டும்தான். இருபத்து நாலு நாள், ஒரு நாள்கூட லீவு இல்லை, சீட்டும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இலக்கு 54,000 ஷாட். இருபத்து நாலால் பெருக்கினால் 12,96,000 மூடி.

மாதக் கடைசியில் மிஷின் பேனலில் இருக்கும் மொத்த எண்ணிக்கையை ஷிப்ட் இன்சார்ஜ் குறித்துக்கொண்டு, அடுத்த ஆர்டருக்காக அதைப் பூஜ்யமாக்கிவிடுவார். அவர் எனக்கு அனுப்பிய எண் 12,41,701.

குறைவது 54,299. சதவீதம் போட்டால் 95.81. தொண்ணூற்றாறைக்கூடத் தொடவில்லை. இதை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் என் வேலை முடிந்தது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! குறைந்த மூடிகளை ஷாட்டாக மாற்றி, ஷாட்டை நேரமாக மாற்றிப் பார்த்தேன். ஏழரை மணி நேரம் வந்தது. அப்படியே ஒரு முழு ஷிப்ட். 'இம்மாதத்தில் இயந்திரம் சுமார் ஏழரை மணி நேரம் இயக்கப்படாமல் நின்றுள்ளதாகத் தெரிகிறது' என்று அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். யாரும் கேட்காத வரி. நானாகச் சேர்த்தது. எழுதி முடித்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மெயில் போன பத்து நிமிடத்தில் மானேஜர் இன்டர்காமில் கூப்பிட்டார். "ஏழரை மணி நேரம் மிஷினை நிறுத்திட்டு என்னம்மா பண்ணிச்சு அந்தப் பொண்ணு? நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சேன். சரி, நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூப்ட்டுச் சொல்லிடலாம். வேற ஆளப் பாப்போம்" என்றார். நான், "சரி சார்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன்.

லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழக்கம்போல அன்றைக்கு என்ன எண்ணைப் பிரிக்கலாம் என்று யோசித்தபோது 12,41,701தான் நினைவில் நின்றது. டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

முதலில் பார்க்க வேண்டியது கடைசி இலக்கம். ஒன்று. அப்படியென்றால் ஒற்றைப்படை எண். இதை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் இருபத்து நாலு மூடி விழுந்தால் மொத்தம் எப்படி ஒற்றைப்படையில் வரும்? எத்தனை ஷாட் அடித்தாலும், நடுவில் எத்தனை மணி நேரம் நிறுத்தினாலும், இருபத்து நாலின் மடங்கு இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். பேனல் மூடிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. ஷாட்டை எண்ணி, குழிகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே எண்ணிக்கை தவறியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. மதியம் இரண்டு மணி நேரம் இந்த எண்ணை வைத்துக்கொண்டு சதவீதம் போட்டவள், அது ஒற்றைப்படை என்பதைப் பார்க்கவேயில்லை.

ஏதோ ஒரு குழி எண்ணிக்கையால் இது மிச்சமில்லாமல் வகுபட வேண்டும். ஒற்றைப்படை என்பதால் இரட்டைப்படை எண்கள் எல்லாம் போயின. இலக்கங்களைக் கூட்டினால் பதினாறு, ஆகவே மூன்றும் ஒன்பதும் இல்லை. ஐந்து இல்லை என்பது பார்த்தாலே தெரியும். ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. எண்ணை வலதிலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, ஒன்று விட்டு ஒன்று கழித்துக் கூட்ட வேண்டும். 701லிருந்து 241 போக 460. அதனுடன் மிச்சமிருக்கும் 1 சேர்ந்தால் 461. இந்தச் சின்ன எண் வகுபட்டால் பெரியதும் வகுபடும். 461 ஏழாலும் வகுபடவில்லை, பதினொன்றாலும் இல்லை, பதின்மூன்றாலும் இல்லை. இதற்குள் கவரைப்பேட்டை வந்துவிட்டது.

பொன்னேரியில் பதினேழு. மிச்சம் நாலு. மீஞ்சூர் தாண்டும்போது பத்தொன்பது. மிச்சம் பதின்மூன்று. அடுத்த பகா எண் இருபத்து மூன்று. அத்திப்பட்டின் புகைபோக்கிகள் தெரிகிற இடத்தில் வகுத்து முடித்தேன். 53,987. மிச்சம் பூஜ்யம்.

பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாள் என் டிக்கெட்டை எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கணக்கு டீச்சரா? ஒரே கிறுக்கிக்கினு வர்றே" என்றார். நான் இன்னொரு முறை வகுத்துப் பார்த்தேன்.

இருபத்து மூன்று குழி. 53,987 ஷாட். இலக்கு 54,000. குறைவது வெறும் பதின்மூன்று ஷாட். பதின்மூன்றைப் பன்னிரண்டால் பெருக்கினால் நூற்று ஐம்பத்தாறு விநாடி. இருபத்து நாலு நாள் வேலையில் அவளுடைய மிஷின் கூடுதலாக நின்றது மொத்தமே இரண்டரை நிமிடம். நான் ஏழரை மணி நேரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் கிடைத்ததென்று சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பேசின் பிரிட்ஜில் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும்போது எனக்கே சந்தேகம் வந்தது. எந்த எண்ணை எடுத்தாலும் அது இருபத்து மூன்றால் வகுபட இருபத்து மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தற்செயலாக இருந்தால்? ஆகவே 53,987ஐயும் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இருபத்து நாலுக்குள் வேறு எண் வராது என்று முன்பே தெரிந்துவிட்டது, ஆனாலும் அரிப்பு விடவில்லை. உடையவில்லை. இருபத்து மூன்றில் ஆரம்பித்து ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போனேன். ரயிலில் பாதி, வீட்டில் சோறு வடித்துக்கொண்டே மீதி. இருநூற்று இருபத்து ஒன்பது வரைக்கும் பார்த்தால் போதும், பார்த்தேன். 53,987 ஒரு பகா எண். ஆக, 12,41,701 என்பது இரண்டே பகா எண்களின் பெருக்கம். ஒன்றிலிருந்து இருபத்து நாலுக்குள் அதை வகுப்பது, ஒன்றை விட்டால், இருபத்து மூன்று மட்டும்தான். அச்சில் ஒரே குழி மட்டுமா ஓடியிருக்கும்? அப்புறம் அந்த ஈவு 54,000க்குப் பதின்மூன்று குறைவாக வந்து நிற்பதையும் தற்செயல் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இருந்தாலும் மானேஜரிடம் பகா எண், ஈவு என்று சொன்னால் எடுபடாது. கையில் ஏதாவது வேண்டும்.

மறுநாள் எட்டரைக்கு ஆபீசுக்குள் போகாமல் நேராகப் பேக்கிங் பகுதிக்குப் போனேன். எங்கள் மூடிகளின் உள்பக்கம், எந்தக் குழியில் வார்த்தது என்று தெரிய ஒரு சின்ன எண் இருக்கும். போன மாதப் பெட்டி ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, மேஜைமேல் கொட்டி, எண்வாரியாகக் குவிக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று குவியல்கள் ஏறின. அரை மணி நேரத்தில் ஆயிரம் மூடிக்கு மேல் பார்த்திருப்பேன். பதினாறு நிறைய இருந்தது, பதினெட்டு நிறைய இருந்தது. பதினேழு ஒன்றுகூட இல்லை.

டூல் ரூம்காரர் அந்த வழியாக வந்தார். அச்சுகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. "இன்னா மேடம், காலங்காத்தாலயே பல்லாங்குழி ஆடிக்கினு இருக்கீங்க?" என்றார்.

"பதினேழைத் தேடறேன்."

"அது கெடைக்காது மேடம். மூணாம் நம்பர் மோல்டுல பதினேழாவது கேவிட்டி கசியுதுன்னு போன மாசம் ஆர்டர் ஏத்தறதுக்கு முன்னாடியே அடச்சிட்டேன். பேனல்ல இருவத்தி மூணுன்னு மாத்தனதும் நான்தான்."

"ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"இன்சார்ஜாண்ட சொன்னேனே. நோட்டுலயும் எழுதி வெச்சிக்கிறேன். பாக்கறீங்களா?"

பார்த்தேன். கிரீஸ் கறையோடு தெளிவாக எழுதியிருந்தார். இன்சார்ஜ் அதை எனக்குச் சொல்லவில்லை. இலக்கு போடும் என் தாளில் 24 என்று இரண்டு வருடத்துக்கு முன் நான் தட்டியது அப்படியே இருந்தது. இன்சார்ஜ்மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபம் வந்த வழியே போய்விட்டது. அவர் சொல்லாமல் விட்டார். ஏழரை மணி நேரம் என்று இல்லாததை எழுதியது யார்?

பதினோரு மணிக்கு மானேஜர் அறையில் நோட்டையும் ஒரு கவர் மூடிகளையும் வைத்து, அறிக்கை தப்பு சார், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதற்குள் அவளையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். தலையில் மாட்டியிருந்த வலையைக்கூடக் கழற்றாமல் வந்து கதவோரம் நின்றாள். தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததை முகமே காட்டியது. இந்த மாதிரி விஷயம் மிஷின் ஓடும் ஷாப் ஃப்ளோருக்கு மெயிலைவிடச் சீக்கிரம் போய்விடும்.

"பதினேழு அடச்சிருக்கறது ஒனக்குத் தெரியுமா?" என்று மானேஜர் அவளைக் கேட்டார்.

"தெரியும் சார். தெனம் பாக்கறேனே."

"அப்ப ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கல சார். அல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

மானேஜர் நோட்டைப் புரட்டினார், கால்குலேட்டரில் தட்டினார், இன்னொரு முறை தட்டினார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "சரி, இருபத்து மூணுன்னே வெச்சுப்போம். அப்பவும் பதிமூணு ஷாட் ஒதைக்குதே? ரெண்டரை நிமிஷம் எங்க போனே?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்கு அது விளையாட்டு இல்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"அது நான் நிறுத்தல சார். மேடம்தான்" என்றாள்.

"நானா?" என்றேன்.

"ஆமா மேடம். நோட்டீஸ் போர்டுல ஒட்டறதுக்குப் போட்டோ வேணும்னு போனோட வந்தீங்க. உள்ள அச்சு தெரியணும், கதவத் தொறன்னீங்க. கதவத் தொறந்தா மிஷின் நின்னுடும்னு சொன்னேன். ஒரு நிமிஷம்தானேன்னீங்க. மொத தபா ஆடிப்போச்சுன்னு ரெண்டாவது தபா எடுத்தீங்க. அந்த மாசத்துல வேற எதுக்கும் நான் நிறுத்தல."

எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. போனை எடுத்துத் தேடினேன். இருந்தது. இரண்டு படம். முதலாவது கலங்கல். இரண்டாவதில் அவள் அச்சுக்குப் பக்கத்தில் நின்று, சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு வரிசை குழிகள். விரலால் பெரிதாக்கினேன். மூன்றாவது வரிசையில் ஐந்தாவது குழிக்குள் ஒரு செம்புத் துண்டு அடைத்து, பளபளவென்று இருந்தது. அதற்கு நேர் எதிரே நின்று அதைப் படமும் எடுத்தவள் நான். போனை மானேஜர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் பார்த்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. அவளுடைய ஃபைலை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து நீ பர்மனென்ட்" என்றார்.

அவள் தலையாட்டினாள். "அப்போ கேட்டாண்ட சீட்டு வாங்க நிக்க வேணாமா சார்?"

"வேணாம்."

இதைக் கேட்டதும் அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்து அவளிடம் போய், "மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நான் போவட்டா மேடம்? என் மிஷினாண்ட யாரையும் விட்டுட்டு வரல, அது நின்னுக்கினு கீது. நிக்கற நேரம் என் பேர்லதானே ஏறும்?"

அவள் போய்விட்டாள். அன்று சாயங்காலம் மூன்றாம் நம்பர் மிஷினின் தாளை நானே எடுத்துக்கொண்டேன். நின்ற நேரம் நாற்பது நிமிடம். இருநூறு ஷாட். இருபத்து மூன்றால் பெருக்கி 4,600 மூடி குறைவு என்று எழுதினேன். பக்கத்தில் 'பொறுப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. ஆபீசில் இருக்கிற எவருடைய பெயரும் அதில் ஏறி நான் பார்த்ததில்லை. அதில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.